நாணலின் கிளைகளைக் காத்த பேச்சியம்மாள்

செய்தி வந்தபோது நான் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து சிவநேசன் நம் நாணல் குழுவுக்கு எழுதியிருந்தார். "பேச்சியம்மாள் அக்கா இன்று காலை விக்கிரமசிங்கபுரத்தில் காலமாகிவிட்டார். அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னார்." இரண்டே வரி. கூடையைக் கீழே வைத்துவிட்டு அதை மறுபடி படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே கொழும்பிலிருந்து ஒருவர் எழுதினார், டொராண்டோவிலிருந்து ஒருவர், பெர்லினிலிருந்து ஒருவர். நேரில் ஒருமுறைகூட அவரைப் பார்த்திராதவர்கள் எல்லோரும் அக்கா, அக்கா என்று எழுதினார்கள். காய் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் நாற்பது செய்திகள் வந்துவிட்டன. எண்ணிப் பார்த்தேன். நான் செத்தால் இத்தனை வருமா என்றும் யோசித்தேன்.

துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் இது பேச்சியம்மாளுக்கு எழுதும் அஞ்சலியாக இருக்காது. அவரை அறிந்த உங்களில் பலருக்கு என்னையும் தெரியும். நாங்கள் இருவரும் முப்பதாண்டு நண்பர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அவர்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நெல்லையை ஒட்டிய ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் நான் கணினித் துறையின் பொறுப்பாசிரியர். பேச்சியம்மாள் அதே துறையில் ஆய்வக உதவியாளர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள். கல்லிடைக்குறிச்சியில் ஆற்றங்கரைத் தெருவில் வீடு. அவருடைய அப்பா விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். நான் சென்னையில் பட்டமேற்படிப்பு முடித்தவன். அவர் எங்கள் பாலிடெக்னிக்கிலேயே டிப்ளமோ படித்துவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர். அவர் என்னைச் 'சார்' என்பார். நான் அவரை 'நீ' என்பேன். அப்போது அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

இருவரும் பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி போகும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அவர் முன்னாலேயே ஏறிவிடுவதால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பார். கல்லிடைக்குறிச்சியில் ஏறும் எனக்கு நிற்கத்தான் இடம் இருக்கும். சேரன்மகாதேவி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, அவர் மடியில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் பிரிண்டர் தாளில் பென்சிலால் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டே வருவேன். என் பொறாமை அந்த ஜன்னலோர இருக்கையில்தான் தொடங்கியது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை இல்லை.

நாணலைப் பற்றி, குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினியில் தமிழ் எழுத அந்த நாளில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு விசைப்பலகை. ஒருவர் தட்டியதை இன்னொருவர் திறந்தால் கட்டமும் கொக்கியுமாகத் தெரியும். எல்லா எழுத்துருவையும் படிக்கவும் தமிழில் தட்டவும் ஒரு செயலியை நான் எழுதத் தொடங்கி, அதற்கு நாணல் என்று பெயர் வைத்தேன். யார் வேண்டுமானாலும் அதன் மூலநிரலை, அதாவது அதை இயக்கும் கட்டளை வரிகளை, எடுத்துத் திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம் என்று மின்னஞ்சல் குழுக்களில் அறிவித்தேன். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தார்கள். கல்லூரி முதல்வர் அறைத் தொலைபேசியில் மோடத்தை மாட்டி, மதியம் ஒன்று முதல் இரண்டு வரை அஞ்சல் வாங்கி அனுப்ப எனக்கு அனுமதி இருந்தது. உலகம் முழுக்க என் பெயர் தெரிந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

என் கணினியில் நாணலின் பிரதிகள் இப்படி இருந்தன: நாணல், நாணல் புதிது, நாணல் புதிது இரண்டு, நாணல் கடைசி, நாணல் கடைசி சரி. கொழும்புக்காரர் திருத்தியது ஒன்றில் இருக்கும், பெர்லின்காரர் திருத்தியது இன்னொன்றில் இருக்கும். இரண்டும் சேர்ந்தது எதுவென்று எனக்கே தெரியாது.

ஒருநாள் டவுனில் அச்சகம் வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகையோடு ஆய்வகத்துக்குள் வந்தார். நாணலை நம்பி முதலில் வேலை செய்தவர் அவர்தான். பத்திரிகையை என் மேசைமேல் போட்டார்.

"என்ன சார்வாள் இது? பொண்ணு பேரு கோமதி. நான் கேமதின்னு அடிச்சு ஊரு பூராக் குடுத்தாச்சு. பொண்ணோட தாத்தா கடை வாசல்ல வந்து நிக்காரு. நான் என்ன பதில் சொல்ல?"

போன வாரம் அவருக்கு நான் பிளாப்பியில் கொடுத்தனுப்பியது தவறான பிரதி. 'கோ' என்ற எழுத்தின் கால் அதில் விழுந்துவிடும். வேறு பிரதியில் அதைத் திருத்தியிருந்தேன். எந்தப் பிரதி என்று தேடத் தொடங்கினேன். அண்ணாச்சி நின்றுகொண்டே இருந்தார். பின்னால் பேச்சியம்மாள் மானிட்டர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், அண்ணாச்சிக்கு எதக் குடுத்திய?"

"கடைசியத்தான்."

"கடைசி ரெண்டு இருக்கே சார்."

அன்று சாயங்காலம் வரை அவர் அந்த ஐந்து பிரதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அச்செடுத்தார். மறுநாள் பஸ்ஸில் அவர் மடியில் இருந்த தாள்கள் அவைதான். ஒரு வாரம் கழித்து, ஆய்வக மூலையில் கிடந்த பழைய லினக்ஸ் கணினியில் எல்லாவற்றையும், எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்ற குறிப்போடு, ஒரே களஞ்சியமாக ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அதில் 'தாய்' என்று ஒரு கிளை, அதுதான் மூலப்பிரதி. சோதித்துப் பார்த்தது மட்டும்தான் அதில் சேரும். 'வெளியீடு' என்று இன்னொன்று. அண்ணாச்சி போன்றவர்களுக்குக் கொடுப்பது அதிலிருந்து மட்டும்தான். புதிதாக யாராவது ஏதாவது முயன்று பார்க்க வேண்டுமென்றால் தாயிலிருந்து ஒரு கிளை பிரித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு பெயர், பொறுப்பாளர், அது எதற்காக என்று ஒரு வரி, எந்தத் தேதிக்குள் திரும்பத் தாயோடு சேரும் என்று ஒரு வரி.

"தேதி எதுக்கு? வேலை முடிஞ்சா சேத்துக்கலாமே," என்றேன்.

"பிரிக்கதுக்கு முன்னாடி எப்பச் சேக்கப் போறோம்னு சொல்லிட்டுப் பிரியணும் சார். இல்லன்னா அது கிளை இல்ல, தனிக்குடித்தனம்."

இந்த வாக்கியத்தை உங்களில் பலர் உங்கள் அலுவலகங்களில் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். முதலில் கேட்டவன் நான். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் அது நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

அந்த முறையை நானேதான் குழுவுக்கு எழுதி அறிவித்தேன். 'எங்கள் உதவியாளர் ஒருவரின் துணையோடு' என்று ஒரு இடத்தில் குறிப்பிட்டேன். ஆனால் சந்தேகம் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதியவர் அவர். யாருடைய திருத்தம் எந்தக் கிளையில் நிற்கிறது, எது எதோடு மோதுகிறது, எதை முதலில் சேர்த்தால் மற்றது தானாகப் பொருந்தும் என்று அவர் எழுதும் பதில்கள் நாலைந்து வரிக்கு மேல் போகாது. ஆறு மாதத்தில் அஞ்சல்கள் என் பெயருக்கு வருவது குறைந்தது. ஒரு மதியம் பெர்லின்காரர் எழுதியது வந்தது. நாணலின் கிளைகளுக்கு ஒரு காப்பாளர் வேண்டும், தாயில் எது சேரலாம் என்பதை அவர் முடிவு செய்யட்டும், எல்லோரும் பேசிப் பேச்சியம்மாள் என்று தீர்மானித்திருக்கிறோம் என்று இருந்தது. எல்லோரும் என்பதில் நான் இல்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று முதல்வர் அறையில் அஞ்சல் வாங்கியது நான் என்பதால் கடிதத்தை முதலில் படித்தவன் நான். மூன்று நாள் அதை அச்செடுக்காமல் வைத்திருந்தேன். நான்காம் நாள் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"செவ்வாக்கிழமையே வந்திருக்கு," என்றார்.

"லைன் சரியில்ல," என்றேன்.

"சரி சார்."

அன்றிலிருந்து அவரை நான் 'நீங்க' என்று கூப்பிடத் தொடங்கினேன். மரியாதையால் அல்ல. தள்ளி நிறுத்துவதற்கு அது ஒரு வழி.

அடுத்த ஆண்டு முழுக்க நான் ஒரே வேலையில் இருந்தேன். உயிர்மெய் எழுத்துகளைச் சேர்க்கும் பகுதியை அடியோடு புதிதாக எழுதினேன். அதற்காக ஒரு கிளை பிரித்து அதற்கு 'வைத்தி' என்று என் பெயரையே வைத்தேன். மறுநாள் பார்த்தால் அது 'எழுத்துச்சேர்க்கை' என்று மாறியிருந்தது. நேராக ஆய்வகத்துக்குப் போனேன்.

"என் பேர ஏன் எடுத்தீங்க?"

"பேரு குறிப்புல இருக்கு சார், எடுக்கல. கிளைக்கு வேலையோட பேருதான் வைக்கணும். நாளைக்கு நீங்க வேற ஒண்ணு செய்வியள்லா? அப்ப அதுக்கு என்ன பேரு வைக்க?"

திரும்பி வந்தேன். வராந்தாவில் நடந்துகொண்டே பத்துப் பதில்கள் தயாரித்தேன். ஒன்றும் தேறவில்லை.

பொங்கலை ஒட்டி ஒரு பெரிய வெளியீடு வருவதாக இருந்தது. அதற்குள் என் கிளையைச் சேர்த்துவிடுவேன் என்று தேதி கொடுத்திருந்தேன். வேலை முடியவில்லை. வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேச்சியம்மாள் வந்து நின்றார்.

"சார், வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட தாய மூடுதேன். உங்க கிளை சேருமா?"

"இன்னும் பத்து நாள் வேணும்."

"அப்ப அடுத்த வெளியீட்டுல சேத்துக்கிடலாம்."

"என் எழுத்துச்சேர்க்கை இல்லாம என்ன வெளியீடு? அதுக்குத்தானே எல்லாரும் காத்திருக்காங்க!"

"இருக்காவ. நேத்து நான் ஓட்டிப் பாத்தேன் சார், மூணு எடத்துல ஓடாம உக்காந்துட்டு. காத்துக்கிட்டு இருக்கவங்களுக்கு ஒடைஞ்சதக் குடுக்கக் கூடாதுல்லா?"

"நாணலை ஆரம்பிச்சதே நான்தான்."

"ஆமா சார்," என்றார். மறுத்துப் பேசியிருந்தால்கூட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அன்று மாலை நான் செய்ததை இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் சொன்னதில்லை. பொறுப்பாசிரியர் என்ற முறையில் துறையின் பணிப்பட்டியலை மாற்றி எழுதினேன். மதியம் ஒன்று முதல் இரண்டு வரை, தொலைபேசி எங்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், பேச்சியம்மாளுக்கு முதலாண்டு மாணவர்களின் ஆய்வகத்தில் வேலை போட்டேன். அறிவிப்புப் பலகை முன்னால் நின்று அவர் அதைப் படித்ததைத் தூணுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். இரண்டு தரம் படித்தார். பிறகு சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு முதலாண்டு ஆய்வகத்துக்குப் போனார். நான் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் அரை நாள் விடுப்பு எடுத்தார். அன்று மதியமே வெளியீடு குழுவுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாரம் டவுனில் சுடலைமுத்து அண்ணாச்சியின் கடைப் பக்கம் போனபோது அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

"என்ன சார்வாள், உங்க காலேஜ்ல போன் ரிப்பேராமே? அந்தப் புள்ள சாப்பாட்டுப் பையில பிளாப்பிய வச்சிக்கிட்டு இங்கன வந்துட்டு. நம்ம கம்ப்யூட்டர போன்ல மாட்டித்தான் எல்லாத்தையும் அனுப்பிச்சு. ஒரு டீ வாங்கித் தாரேன்னேன், வேண்டாம் பஸ் போயிரும்னுட்டுப் போயிட்டு."

"ஆமா, ரிப்பேர்தான்," என்றேன்.

போன் கெட்டுப்போய்விட்டதாக அவர் சொல்லியிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். இவரால் எப்படி இப்படி இருக்க முடிகிறது என்றுதான் வயிறு எரிந்தது.

நான் தனியாகப் பிரிந்தேன். என் எழுத்துச்சேர்க்கையோடு நாணலை வேறு பெயரில் அறிவித்தேன். மூன்று பேர் என்னோடு வந்தார்கள். யாருடைய திருத்தத்தை எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. கொழும்புக்காரர் அனுப்பிய ஒரு நல்ல திருத்தத்தின் மேலேயே நான் என் பழைய பிரதியை எழுதி அழித்துவிட்டேன். அவர் போனார், அடுத்தவர் போனார். நான்கு மாதத்தில் நான் மட்டும் மிஞ்சினேன். பணிப்பட்டியலைச் சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிட்டேன். அவரும் சத்தமில்லாமல் ஒரு மணிக்கு முதல்வர் அறைக்குப் போக ஆரம்பித்தார்.

பிறகு ஒருநாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து, நாணலின் தாய்க்கிளையைத் திறந்து பார்த்தேன். நான் போன பிறகு அங்கே என்ன குப்பை சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் திறந்தேன். என் எழுத்துச்சேர்க்கை அங்கே இருந்தது. ஒரே மொத்தமாக அல்ல, சிறு சிறு துண்டுகளாக, ஒவ்வொன்றும் தனியாகச் சோதிக்கப்பட்டு, ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துண்டின் குறிப்பிலும் 'ஆக்கம்: வைத்தியநாதன்' என்று இருந்தது. நான் வெளியே போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த நான்கு மாதமும் என் வேலை அங்கே உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் பஸ்ஸில் வீரவநல்லூரில் அவர் பக்கத்து இருக்கை காலியானது. உட்கார்ந்தேன். அவர் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்," என்றேன்.

அவர் பென்சிலை நிறுத்திவிட்டு நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"எதுக்கு சார்?"

"எழுத்துச்சேர்க்கை."

"அதுவா. உங்களுக்காக இல்ல சார். அது நல்லா இருந்துச்சு. நல்லா இருக்கத வெளியில விட்டா நமக்குத்தான நஷ்டம்? மொத்தமாத்தான் எடுக்க முடியல, பதினோரு துண்டா வெட்டினேன். அதுல ரெண்ட எடுக்கல."

"ஏன்?"

"அது ரெண்டும் நல்லா இல்ல."

எனக்கு முன்னால் நின்ற கண்டக்டர் சிரித்துவிட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. நானும் சிரித்தேன். திரும்பவும் குழுவில் சேர்ந்தேன். நாங்கள் நண்பர்கள் என்று உங்களுக்குத் தோன்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் பொறாமை போகவில்லை. அது வேறு வேலையில் அமர்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவர் தாயில் சேர்த்த ஒவ்வொன்றையும் நான் படித்தேன். கற்றுக்கொள்ள அல்ல, குற்றம் கண்டுபிடிக்க. அவசரத்தில் எதையாவது தவறாகச் சேர்த்திருப்பார், யாருடைய திருத்தமாவது விடுபட்டிருக்கும், ஏதாவது ஒரு கிளையைத் தேதி கடந்தும் மூடாமல் விட்டிருப்பார் என்று தேடினேன். நான் துறைத்தலைவர் ஆனேன், ஓய்வு பெற்றேன், பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் குடிவந்தேன். அவர் ஆய்வக உதவியாளராகவே ஓய்வு பெற்றார். களஞ்சியம் வைக்கும் கருவிகள் எத்தனையோ முறை மாறின. ஒவ்வொரு முறையும் பழைய குறிப்புகள் ஒன்றுகூட விடுபடாமல் அவர் புதியதற்குக் கொண்டுவந்து சேர்த்தார். நானும் விடாமல் படித்துக்கொண்டே வந்தேன்.

அவர் இறந்த செய்தி வந்த மூன்றாம் நாள் விக்கிரமசிங்கபுரம் போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தங்கை செல்லம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டார். பேச்சியம்மாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை குடும்பத்தோடுதான் இருந்தார். இரண்டு மாதமாகவே உடம்பு சரியில்லாமல் இருந்ததாம். சொன்னால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

"நீங்க அக்காகூட வேல பாத்தவுகளா?"

"ஆமாம்மா. வைத்தியநாதன்." என் பெயரைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா என்னைப் பற்றி வீட்டில் என்ன சொல்லியிருப்பார் என்று பாதி வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"அக்கா வேல பாக்க எடத்தப் பத்தி வீட்ல வாயே தொறக்கமாட்டா சார். ரிட்டயரான பொறவும் கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்திருப்பா. சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் போன் போட்டு அழுதாவ. எனக்கு ஒண்ணுமே தெரியல. அப்படி என்னதான் சார் செஞ்சா எங்க அக்கா?"

நான் சொல்லத் தொடங்கினேன். பல ஊர்களில் இருக்கிற பல பேர் ஒரே பொருளை ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும் என்று சொன்னேன். எப்படிப் பிரிப்பது, எப்போது சேர்ப்பது, எதைச் சேர்க்கக்கூடாது என்று அக்கா எப்படி முடிவு செய்வார் என்று சொன்னேன். கொழும்புக்காரரும் பெர்லின்காரரும் சண்டை போட்ட ஒரு வருடத்தில் இருவருடைய வேலையையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் அவர் சேர்த்த விதத்தை, ஒரு தாளில் கோடு போட்டே காட்டினேன். செல்லம்மாளின் கணவரும் வந்து உட்கார்ந்தார். பந்தல்காரர் ஒருவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நின்று கேட்டார். எத்தனை நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. எந்த ஆண்டு எந்தக் கிளை, அதன் பெயர் என்ன, அது எப்போது சேர்ந்தது என்று எல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. நாற்பது செய்தி அனுப்பியவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. அவரை நேசித்தவர்கள் அவருடைய வேலையைப் பயன்படுத்தினார்கள். வரி விடாமல் படித்தவன் நான் ஒருவன்தான்.

"தப்பே செஞ்சதில்லியா சார் அவ?" என்று செல்லம்மாள் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஒண்ணு இருக்கும்மா," என்றேன். அது என்ன என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நாணலில் உங்கள் எல்லோருக்கும் பிடித்தது பின்னழிப்பு, பேக்ஸ்பேஸ் விசை செய்யும் வேலை. 'கோ' என்று தட்டிவிட்டுப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் உயிர்க்குறி மட்டும் போய்க் 'க' நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால்தான் 'க' போகும். அந்த நாளில் வேறு எந்தச் செயலியும் இதைச் செய்ததில்லை. எழுத்து பாதி வெட்டுப்பட்டு ஒற்றைக் கொம்பு தொங்கிக்கொண்டு நிற்கும். இதற்காக எத்தனை பேர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்! தொண்ணூறுகள் முடிகிற நேரத்தில் பாளையங்கோட்டையில் ஒரு தமிழ் விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். பின்னழிப்பைக் கண்டவர் என்றே ஒருவர் பேசினார்.

என் எழுத்துச்சேர்க்கையில் பின்னழிப்பு இல்லை. அதைப் பற்றி நான் யோசித்ததுகூடக் கிடையாது. என் கிளையைத் துண்டு துண்டாகச் சேர்த்தபோது, ஏழாவது துண்டில், என் நிரல் எழுத்தைப் பாதியில் வெட்டுவதைப் பேச்சியம்மாள் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் நாற்பது வரி அவரே எழுதியிருக்கிறார். குறிப்பில் மற்றத் துண்டுகளுக்கு எழுதியதுபோலவே 'ஆக்கம்: வைத்தியநாதன்' என்று எழுதிச் சேர்த்துவிட்டார். வேலை வேகத்தில் மறந்து எழுதினாரா, என் கிளையிலிருந்து வந்த துண்டு என்பதால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. நான் தாய்க்கிளையைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்த அன்றே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் உடனே திருத்திவிடுவார். அவரிடம் நான் கண்ட ஒரே பிழையும் இல்லாமல் போய்விடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாராட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிய பிறகு அந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை.

சால்வை போர்த்திய அன்று பேச்சியம்மாளும் வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் போலக் கைதட்டினார். முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"சால்வை நல்லா இருக்கு சார்," என்றார்.

"உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு," என்றேன். எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சார், நான் முன்னால போறேன், நீங்க பைய வாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருந்ததா? அந்த முகத்தைப் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். என்னால் சொல்ல முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நாற்பது வரி. நேற்று காலை களஞ்சியத்தைத் திறந்து, பின்னழிப்புப் பகுதியின் தலையில் என் பெயரை எடுத்துவிட்டு 'ஆக்கம்: பேச்சியம்மாள், விக்கிரமசிங்கபுரம்' என்று எழுதிச் சேர்த்தேன். இனி அதற்கான பாராட்டை எனக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் என்னை மன்னித்துவிடுங்கள்.

சேர்த்து முடித்துவிட்டு அந்த நாற்பது வரியையும் மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தேன். ஒரு வரியைக் குறைக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது.